டேப்பெட் சத்தம் கேட்டா உடனே ஹெட்ட இறக்கணுமா?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. 2011 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 ஐ-விடெக் பெட்ரோல், லட்சம் கி.மீ தாண்டிருச்சு, நடுவுல எல்பிஜி கிட் மாட்டி ஓட்டிட்டு இருக்கீங்க. காலைல ஸ்டார்ட் பண்ணதுல இருந்தே பானெட்டுக்குள்ள டிக் டிக்னு சத்தம், வண்டி சூடானாலும் போகல, சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது நல்லாவே கேக்குது. ஒரு மெக்கானிக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊத்துங்க அடங்கிடும்னு சொல்லிருக்காரு, இன்னொருத்தரு ஹெட்ட (வால்வு எல்லாம் உக்காந்திருக்குற இன்ஜினோட மேல் பாகம்) இறக்கி வேலை பாக்கணும் 40,000 ரூபா ஆகும்னு சொல்லிருக்காரு. யார் பேச்ச கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

இப்போதைக்கு ரெண்டு பேர் சொன்னதும் வேணாம். டேப்பெட் கவர (இன்ஜின் மேல இருக்குற மூடி) கழட்டி, ஆறிப்போன இன்ஜின்ல 16 வால்வோட கேப்பையும், அதாவது வால்வு தண்டுக்கும் அத தட்டற ராக்கர்ங்கற சின்ன கைக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய, அளந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்த 16 நம்பர் கையில இல்லாம ஆயில மாத்தறதும் தப்பு, ஹெட்ட இறக்கறதும் தப்பு. அதுலயும் நீங்க கேஸ்ல ஓட்டறதால எனக்கு சத்தம் போடற வால்வ விட சத்தமே போடாத வால்வு மேல தான் பயம், அது ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல அது டேப்பெட் சத்தம் தானான்னு உறுதி பண்ணிக்கணும். கேஸ் கிட் வண்டில எல்லாரும் ஏமாறுற ஒரு இடம் இருக்கு, கேஸ் இன்ஜெக்டர். பெட்ரோல் இன்ஜெக்டரே டிக் டிக்னு தான் அடிக்கும், கேஸ் இன்ஜெக்டர் அத விட சத்தமா அடிக்கும், தெரியாதவங்க கேட்டா டேப்பெட்னே சத்தியம் பண்ணுவாங்க. ஆனா சீக்வென்ஷியல் கிட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர் வச்ச கிட்) எல்லாம் காலைல பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகி கொஞ்சம் சூடான பிறகு தான் கேஸுக்கு மாறும். உங்களுக்கு ஸ்டார்ட் பண்ண முதல் நிமிஷத்துலயே சத்தம் வருதுன்னா அது கேஸ் இன்ஜெக்டர் இல்ல. இருந்தாலும் வண்டி சூடா இருக்கும்போது சுவிட்ச தட்டி பெட்ரோல், கேஸ்னு மாத்தி மாத்தி கேட்டுப் பாருங்க, சத்தம் கொஞ்சமும் மாறலன்னா அந்த சந்தேகம் தீந்துது.

அடுத்து வேகம். வால்வுகள தெறக்குற கேம் ஷாஃப்ட், பிஸ்டன் சுத்த வைக்கிற கிராங்க் சுத்தற வேகத்துல பாதி வேகத்துல தான் சுத்தும். ஐடில் 750 ஆர்பிஎம்னா கேம் நிமிஷத்துக்கு 375 சுத்து, அதாவது ஒரே ஒரு வால்வு லூஸா இருந்தா செகண்டுக்கு ஆறு தடவ கிட்ட டிக் வரும், கவனிச்சு கேட்டா கிட்டத்தட்ட தனித்தனியா பிரிச்சு கேக்கலாம். மெதுவா ஆக்சிலேட்டர் குடுத்தா அதே ஒழுங்குல வேகமாகும். கிராங்க் வேகத்துக்கே அடிக்கிற சத்தம், அதுவும் கீழ இருந்து டொக் டொக்னு கனமா வந்து, லோடு குடுத்தா இன்னும் பலமா கேட்டா அது பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்ல மாட்டற இடம்) பக்கம், அதுக்கு மேல வண்டிய ஓட்டாதீங்க, தூக்கிட்டு போங்க.

ஒரு நீளமான ஸ்குரு டிரைவர எடுத்து கைப்பிடிய காதோரம் ஒட்டி வச்சு, முனைய டேப்பெட் கவர்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரா வச்சு கேளுங்க (பெல்ட், ஃபேன் பக்கம் கை, சட்டை, துண்டு எதுவும் போகாம பாத்துக்கங்க). அப்புறம் அதே முனைய இன்ஜெக்டர் மேல வைங்க, ஆல்டர்னேட்டர் பாடில வைங்க, செயின் கவர்ல வைங்க. எங்க காத உடைக்கிற மாதிரி வருதோ அங்க தான் ஆளு இருக்கான். கேஸ்கேட் (ஜாயிண்ட்ல வைக்கிற சீல்) போன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய்) டிக் டிக்னு தான் கேக்கும், ஆனா அதுல டிக்கோட ஒரு புஸ் இருக்கும், காலைல அதிகமா இருந்து இரும்பு சூடாகி விரிஞ்ச பிறகு கம்மியாகும், ஜாயிண்ட்ல கரி படிஞ்ச கோடு தெரியும். பிஸ்டன் ஸ்லாப்பும் (பிஸ்டன் சிலிண்டர் சுவத்துல தட்டறது) அதே மாதிரி சூடானா குறையும், ஆனா மந்தமான சத்தம். டைமிங் செயின் லூஸா இருந்தா ஸ்டார்ட் பண்ண உடனே கரகரன்னு ஒரு ராட்டில், அது டிக் இல்ல. பெட்ரோல் ஆவிய இழுக்குற பர்ஜ் வால்வுன்னு ஒரு சின்ன சோலினாய்டு இருக்கு, அதுவும் டக் டக்னு அடிக்கும், கனெக்டர புடுங்கினா நின்னுரும், அவ்ளோ தான்.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்ப நம்பிக்கையானது. பெட்ரோல் மோட்ல ஐடில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரோட இன்ஜெக்டர் கனெக்டரா புடுங்கி கொஞ்ச நேரம் கேட்டுட்டு திரும்ப மாட்டுங்க. அந்த சிலிண்டர் வேலை செய்யாது, இன்ஜின் உதறும், செக் இன்ஜின் லைட் வரலாம், பிறகு ஸ்கேனர்ல அழிச்சுக்கலாம். சிலிண்டர் எரியாம இருக்கும்போது டிக் சத்தம் அப்படியே இருந்தா வால்வு பக்கம், சத்தம் அடங்கினா பிஸ்டன், கனெக்டிங் ராடு பக்கம். ஏன்னா எரிஞ்சாலும் எரியலன்னாலும் கேம் வால்வ தட்டிக்கிட்டே தான் இருக்கும், ஆனா ராடு மேல விழற அடி எரியும்போது தான் பலமா விழும். பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில் கனெக்டர கழட்டி இத பண்ணாதீங்க, எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டர கெடுக்கும்.

இப்ப ஆயில் விஷயம். டிப் ஸ்டிக்க எடுத்து லெவல் பாருங்க, கம்மியா இருந்தா மேல ராக்கர் வரைக்கும் சரியா ஆயில் போகாது. சிட்டி இன்ஜின் 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிசான ஆயிலுக்கு பண்ண இன்ஜின், உங்க மேனுவல்ல எந்த கிரேடு போட்டிருக்கோ அத ஊத்துங்க. கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்தினா சத்தம் கொஞ்சம் குறையலாம், அது நெசம் தான், ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல கெட்டியா ஆயில் படலம் நின்னா தட்டற சத்தம் மழுங்கும். ஆனா கேப் அப்படியே தான் இருக்கு. அது போக காலைல முதல் ஸ்டார்ட்ல கெட்டி ஆயில் மேல ஏறி கேமுக்கு போய் சேர லேட்டாகும், தேய்மானம் அந்த நேரத்துல தான் அதிகம். விடெக் (இன்ஜின் வேகத்துக்கு ஏத்த மாதிரி வால்வு தெறக்கறத மாத்தற ஹோண்டா அமைப்பு) வேற ஆயில் பிரஷர்ல தான் ராக்கருக்குள்ள இருக்குற பின்ன தள்ளி வேலை செய்யுது, அதுக்கும் இது ஒத்து வராது. சத்தத்த மூடி வைக்கிறதுக்காக இன்ஜினுக்கு ஆகாத ஆயில ஊத்தறத நான் எப்பவும் ஒத்துக்க மாட்டேன். அதே மாதிரி ஆயில் மாத்தாம விட்டு உள்ள தார் மாதிரி கசடு புடிச்ச இன்ஜின்ல திடீர்னு ஃப்ளஷ் ஊத்தி ஓட்டறதும் வேணாம், பேத்துக்கிட்டு வர்ற கசடு கீழ ஆயில் தொட்டில இருக்குற ஸ்ட்ரெயினர் சல்லடைல போய் அடைச்சா டேப்பெட் சத்தம் இருந்த இடத்துல பேரிங் சத்தம் வந்துரும். மெல்ல மெல்ல, நல்ல ஆயில், நல்ல ஃபில்டர், சீக்கிரம் சீக்கிரம் மாத்திக்கிட்டே வாங்க.

வேற வண்டி வச்சிருக்கவங்களுக்காக நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். எல்லா இன்ஜின்லயும் டேப்பெட் செட்டிங் ஒரே மாதிரி இல்ல. ஸ்விஃப்ட் டீசல்ல வந்த ஃபியட் 1.3 மல்டிஜெட் இன்ஜின்ல ஹைட்ராலிக் டேப்பெட், ஆயில் பிரஷர்லயே கேப்ப அதுவே எடுத்துக்கும், அட்ஜஸ்ட் பண்ண உள்ள எதுவுமே இல்ல, அதுக்கு யாராவது டேப்பெட் செட் பண்ணி தர்றேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க. ரொம்ப நேரம் நின்ன வண்டில ஸ்டார்ட் பண்ண உடனே சில செகண்ட் டிக்னு வந்து போறது அதுல சகஜம். போகாம நின்னா ஆயில் லெவல், ஃபில்டர் பாருங்க, லெவல் மேக்ஸ் கோட்ட தாண்டி இருந்தாலும் சத்தம் வரும், ஏன்னா கிராங்க் ஆயில அடிச்சு நுரையாக்கிடும், நுரைய நம்பி ஹைட்ராலிக் டேப்பெட் நிக்காது. மாருதி கே சீரிஸ் மாதிரி கேம் நேரா பக்கெட் (வால்வு தலைய மூடற சின்ன கிண்ணம்) மேல உக்கார்ற இன்ஜின்ல ஸ்குரு கிடையாது, அளந்து பாத்து வேற தடிமன் பக்கெட் போடணும், கேம கழட்ற வேலை. பழைய மாருதி 800, உங்க சிட்டி இதெல்லாம் ஸ்குருவும் லாக் நட்டும் வச்ச ராக்கர், வீட்டு வாசல்லயே கூட பண்ணக்கூடிய வேலை.

இனி அளக்கறது. இதுல தான் பாதி பேரு அவசரப்பட்டு கெடுத்துடறாங்க. ஹோண்டா சொல்றது ஹெட்டோட சூடு 38 டிகிரிக்கு கீழ இருக்கணும்னு. அப்போ ராத்திரியே வண்டிய ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு வாங்க, காலைல முதல் வேலையா பண்ணட்டும். ஓட்டிட்டு போய் நிறுத்தி டீ குடிக்கிற நேரத்துல ஆறிடும்னு சொன்னா ஒத்துக்காதீங்க, நம்ம ஊர் வெயில்ல அது ஆறாது. அலுமினியம் ஹெட் சூட்டுல விரியும், கேப் மாறும், அதனால தான் மாருதி 800 மாதிரி வண்டிக்கு கோல்டுக்கு ஒரு அளவும் ஹாட்டுக்கு ஒரு அளவும்னு தனித்தனியா குடுத்திருப்பாங்க. சூட்டுல கோல்டு அளவ வச்சா எல்லாமே தப்பு.

உங்க இன்ஜினுக்கு இன்டேக் (காத்து உள்ள வர்ற வால்வு) 0.15ல இருந்து 0.19 மி.மீ, எக்ஸாஸ்ட் (புகை வெளிய போற வால்வு) 0.26ல இருந்து 0.30 மி.மீ. முன் பக்கம் எது பின் பக்கம் எதுன்னு மேனிஃபோல்ட பாத்து உறுதி பண்ணிக்கங்க, ரெண்டையும் மாத்தி வச்சுட்டு இன்டேக் கத்துது எக்ஸாஸ்ட் கருகுதுன்னு வந்த வண்டி நெறைய உண்டு. நாலு காயில கழட்டி, பிளக்கையும் கழட்டிட்டா கிராங்க சுத்தறது லேசாகும். கவர எடுத்த பிறகு கேம் ஸ்ப்ராக்கெட்ல (செயின் மாட்டற பல் சக்கரம்) UPனு எழுதின மார்க் மேல வர்ற மாதிரி கிராங்க் புல்லிய சுத்துங்க, ஸ்ப்ராக்கெட்ல இருக்குற கோடு ஹெட்டோட மேல் விளிம்புக்கு நேரா நிக்கணும், அது ஒண்ணாம் சிலிண்டர் டாப், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்து வால்வு எல்லாம் மூடி இருக்குற நிலை. அந்த சிலிண்டரோட நாலு ராக்கரையும் கையால ஆட்டிப் பாருங்க, லேசா ஆடணும். ஒண்ணு மட்டும் ஆடாம கெட்டியா நின்னா அத மறக்காம குறிச்சுக்கங்க. அந்த நாலையும் அளந்து முடிஞ்சதும் (எப்படி அளக்கறதுன்னு அடுத்து சொல்றேன்) கிராங்க அரை சுத்து சுத்தினா மூணாவது, அப்புறம் நாலாவது, அப்புறம் ரெண்டாவது. சுத்தும்போது எப்பவும் இன்ஜின் ஓடற திசைலயே சுத்துங்க, தாண்டிட்டா பின்னாடி கொண்டு வராம இன்னொரு ரவுண்டு வாங்க, செயின் டென்ஷனருக்கு அது தான் நல்லது.

ஃபீலர் கேஜ் (கேப் அளக்குற, தடிமன் எழுதின மெல்லிசான தகடுகள்) பிளேடுல லேசா ஆயில் தடவி ஸ்குரு முனைக்கும் வால்வு தண்டு தலைக்கும் நடுவுல விடுங்க. தயிர்ல விட்ட கரண்டிய இழுக்குற மாதிரி ஒரு சின்ன பிடி இருக்கணும், அதுக்கு மேல இறுக்கமும் வேணாம் தொளதொளப்பும் வேணாம். ஒவ்வொருத்தர் கைப்பிடி ஒவ்வொரு மாதிரி, அதனால நான் ரெண்டு பிளேடு வச்சு பாக்க சொல்வேன், இன்டேக்ல 0.15 உள்ள போகணும் 0.20 போகக்கூடாது, எக்ஸாஸ்ட்ல 0.26 பிளேடு போகணும் 0.31 போகக்கூடாது, அந்த நம்பர் பிளேடு இல்லன்னா ரெண்டு மெல்லிச பிளேட சேத்து வைங்க. மொதல்ல எதையும் திருகாம 16யும் அளந்து எழுதிடுங்க. இது ரொம்ப முக்கியம், அட்ஜஸ்ட் பண்ணிட்டா பழைய கதை அழிஞ்சுரும், அப்புறம் எந்த வால்வு எப்படி தேஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

எழுதின பிறகு லாக் நட்ட லூஸ் பண்ணி, ஸ்குருவ செட் பண்ணி, ஸ்குரு டிரைவர அசையாம புடிச்சுக்கிட்டு நட்ட டைட் பண்ணுங்க. டைட் பண்ணும்போது ஸ்குரு கூடவே கொஞ்சம் நகந்து கேப் மாறிடும், எத்தன அனுபவம் இருந்தாலும் மாறும், அதனால டைட் பண்ண பிறகு திரும்ப பிளேட விட்டு பாக்காம அடுத்த வால்வுக்கு போகக்கூடாது.

அளவு எல்லாம் சரியா வச்ச பிறகும் ஒரு வால்வு மட்டும் டிக் டிக்னா ஸ்குருவோட முனைய கழட்டி வெளிச்சத்துல பாருங்க. புதுசுல வழவழன்னு இருக்குற முனைல, வால்வு தண்டு பட்டு பட்டு வட்டமா ஒரு குழி விழுந்திருக்கும், நகத்த வச்சு தேச்சா விளிம்பு தட்டும். பிளேடு தட்டையானது, அது குழிக்குள்ள இறங்காது, குழியோட ரெண்டு கரையிலயும் பாலம் போட்ட மாதிரி உக்காந்துக்கும், உங்களுக்கு 0.17னு காட்டும், நெசமான கேப் அத விட அதிகமா இருக்கும். அத பாக்காம ஸ்குருவ இன்னும் இறுக்கி இறுக்கி சத்தத்த அடக்கறது பெரிய ஆபத்து. அந்த ஸ்குருவ மாத்தறது தான் வழி. கேம் லோப்லயும் (ராக்கர தள்ளற மேடு) ராக்கர் ரோலர்லயும் கோடு, செதில் ஏதாவது இருக்கான்னு ஒரு சுத்து சுத்திப் பாத்துடுங்க, இருந்தா அட்ஜஸ்ட்மெண்ட்ல அது போகாது.

இப்ப நான் பயப்படறேன்னு சொன்ன விஷயம். எக்ஸாஸ்ட் வால்வு நெருப்புல குளிக்குது, அந்த சூட்டுல பெரும் பகுதிய அது வெளியேத்தறது மூடி சீட்ல (ஹெட்ல வால்வு பதிஞ்சு மூடற வளையம்) உக்கார்ற அந்த நேரத்துல தான், சீட் வழியா ஹெட்டுக்கு, ஹெட்ல இருந்து கூலண்டுக்கு. கேப் இல்லாம போனா வால்வு முழுசா சீட்ல உக்காராது, சூடும் இறங்காது, மூடாத சந்துல நெருப்பு பீச்சும். கேஸ்ல ஓடற வண்டில வால்வும் சீட்டும் தேஞ்சு வால்வு மேல மேல ஏறும், அதோட தண்டு ராக்கர் பக்கம் நெருங்கும், கேப் குறைஞ்சுக்கிட்டே வரும். கவனிங்க, கேப் குறைஞ்சா சத்தமும் குறையும். அதாவது வண்டி கெட்டுப்போக கெட்டுப்போக அமைதியாகும், ஓனர் சந்தோஷமா ஓட்டிட்டு இருப்பாரு. ஒரு நாள் காலைல இன்ஜின் உதறும், பிக்கப் போகும், ஹெட்ட இறக்கினா எக்ஸாஸ்ட் வால்வோட வட்டமான விளிம்புல ஒரு இடம் மட்டும் உருகி, நுனி விரல் அளவுக்கு ஒரு வெட்டு விழுந்திருக்கும், சுத்தி வெள்ளை சாம்பல் நெறம், மத்த இடம் எல்லாம் பழுப்பு. அந்த வால்வ கையில வச்சு பாத்தவங்க அப்புறம் கேப் செக் பண்றத தள்ளிப் போட மாட்டாங்க.

உங்க வண்டில என்ன இருக்கும்னு என் ஊகம், சில இன்டேக் வால்வு 0.25 பக்கம் போய் சத்தம் போட்டுட்டு இருக்கும், சில எக்ஸாஸ்ட் 0.15 இல்ல அதுக்கும் கீழ இறங்கி சத்தமில்லாம இருக்கும். மெக்கானிக் சத்தம் போடறத மட்டும் இறுக்கிட்டு கவர மூடினா நீங்க கேட்டு வந்தது கிடைச்சுரும், வண்டி மட்டும் பிழைக்காது. இறுக்கறத விட எக்ஸாஸ்ட்ட லூஸ் பண்றது தான் உங்க வண்டிக்கு உயிர். சரியா செட் பண்ண ஸ்குரு டைப் இன்ஜின்ல லேசான ஒரு டிக் டிக் இருக்கத்தான் செய்யும், தையல் மெஷின் மாதிரி ஒரே சீரா இருந்தா அது ஆரோக்கியம், அத போக்கணும்னு நினைக்காதீங்க.

ஹெட்ட எப்ப இறக்கலாம்? சில எக்ஸாஸ்ட்ல கேப் ஜீரோன்னா லூஸ் பண்ணி செட் பண்ணிட்டு ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்ளோ அழுத்தம் புடிக்குதுன்னு அளக்கறது) எடுங்க, நாலு பிளக்கும் வெளிய, திராட்டில் முழுசா தெறந்து. நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட கிட்ட இருந்தா சந்தோஷமா கவர மூடிடுங்க. ஒண்ணு மட்டும் ரொம்ப கீழ இருந்தா அந்த சிலிண்டர டாப்ல வச்சு பிளக் ஓட்டை வழியா காத்து குடுத்து கேளுங்க, சைலன்சர்ல உஸ்னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு போச்சு, திராட்டில் பாடில வந்தா இன்டேக், ஆயில் ஊத்தற மூடில வந்தா பிஸ்டன் ரிங். வால்வுன்னு உறுதியானா அப்போ ஹெட்ட இறக்கலாம், அந்த 40,000 நியாயமா இல்லையான்னு அப்ப பேசலாம். செட் பண்ணி கொஞ்ச ஆயிரம் கி.மீ போன உடனே அதே எக்ஸாஸ்ட் திரும்ப டைட் ஆனாலும் சீட் வேகமா உள்ள போகுதுன்னு அர்த்தம், அப்பவும் இறக்கி நல்ல சீட்டா மாத்திடறது தான் சரி.

மூடும்போது கவர் கேஸ்கேட்டையும் பிளக் குழாய் சீலையும் புதுசா போட சொல்லுங்க, பெரிய காசு இல்ல, பழசயே போட்டா பிளக் குழிக்குள்ள ஆயில் இறங்கி காயில் போய் மிஸ்ஸாகும், அப்புறம் அத டேப்பெட் வேலைல வந்த கோளாறுன்னு தேடிட்டு இருப்பாங்க. செயின் கேஸும் ஹெட்டும் சேர்ற மூலைல லிக்விட் கேஸ்கேட் ஒரு பொட்டு வைக்கணும். கவர் போல்ட்ட பலத்த காட்டி முறுக்க வேணாம், சின்ன போல்ட், அலுமினிய திரெட், ஒரு தடவ போனா போனது தான்.

கேஸ்ல தொடர்ந்து ஓட்டறதா இருந்தா 20,000 கி.மீக்கு ஒரு தடவ கேப் பாக்க சொல்வேன், சத்தம் வந்தாலும் வரலன்னாலும். அந்த 16 ரீடிங் எழுதின பேப்பர காருக்குள்ளயே சர்வீஸ் புக்ல வைங்க, அடுத்த தடவ அளக்கும்போது பக்கத்துல வச்சு பாத்தா எந்த வால்வு எவ்ளோ இறங்கிருக்குன்னு நேரா தெரிஞ்சுரும். அளந்த பிறகு நம்பர எனக்கும் அனுப்புங்க, இன்டேக் தனியா எக்ஸாஸ்ட் தனியா, சிலிண்டர் வரிசைல எழுதி அனுப்புங்க, பாத்து சொல்றேன்.